சிவப்பு வராண்டாவும் மிலான் ரசிகரும்

உலகத்திலேயே மிகப் பயங்கரமான வீடியோ கேம் ஜப்பானில் பிறக்கவில்லை, அமெரிக்காவிலும் பிறக்கவில்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் முட்டைக் கடைக்கும் நடுவில், ஆறடி அகலமுள்ள செல்போன் ரிப்பேர் கடையில் பிறந்தது. அதை ஆடிய ஒரு மிலிட்டரிக்காரர் செருப்புகூட மாட்டாமல் பலமனேர் வரை ஓடிப்போய், தக்காளி லாரியில் திரும்பி வந்தார். நாயுடுபேட்டையில் ஒரு டாக்டர் ஆட ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த கேம் இருக்கிற போனைப் பக்கத்தில் வைத்தால் பால் திரிந்துவிடும்.

இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் தரணி. கேமைச் செய்த சின்னப்பனின் ஒரே மகள். பதினேழு வயது. பதினோராம் வகுப்பான இன்டர் முதல் வருஷத்தில் கணக்கில் தவறி, அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லி, அந்த அப்புறம் ஒரு வருஷமாகியும் வராமல் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர்களின் ரிங்டோனை மாற்றி வைப்பது அவளுடைய முக்கியமான தொழில். ஒரு பஞ்சாயத்து மெம்பரின் போன் கூட்டத்துக்கு நடுவில் கழுதைபோல் கத்தியது அவளுடைய வேலைதான்.

உண்மை நிலவரம் வேறு. 'சிவப்பு வராண்டா' என்ற அந்த கேம் இணையத்தில் ஏறி மூன்று மாதத்தில் பதினாலு பேர் அதை இறக்கியிருந்தார்கள். அதில் ஒன்பது, ரிப்பேருக்கு வந்த போன்களில் தரணியே இறக்கி வைத்தது. திருச்சானூரில் பூ விற்கும் சந்திரம்மா டிஸ்ப்ளே மாற்றிய போனை வாங்கிக்கொண்டு போன மறுநாள், மல்லி கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மடியிலிருந்து ஒரு பெண் அலறினாள். சந்திரம்மா சண்டைக்கு வரவில்லை. போனுக்குக் காத்து கருப்பு பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன், அதிலிருந்து சார்ஜ் நன்றாக நிற்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னப்பன் சத்தியவேடு பக்கத்துக்காரர். அவருடைய வீட்டில் அவருக்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு வரப்புகூட இருந்ததில்லை. அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பம். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தார். அவருக்கு இருபது வயதான தொண்ணூற்றெட்டில், கம்பெனிகள் வரப்போகின்றன, ஊரே மாறப்போகிறது என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் ஏஜெண்ட் மட்டும்தான். ஏஜெண்டோடு சின்னப்பன் குவைத்துக்குப் போனார், ஒரு பெரிய வீட்டில் எடுபிடி வேலைக்கு. பிறகு அதே வீட்டில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் ஊருக்கு வருவார். அப்படி வந்த ஒரு முறை வெங்கடலட்சுமியைக் கட்டிக்கொண்டார். இன்னொரு முறை வந்தபோது, நடக்கத் தெரிந்த ஒரு பெண்குழந்தை அவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது.

அந்தக் குழந்தைக்கு நைனா என்றால் வெள்ளிக்கிழமை வருகிற போன். துன்னியா? துன்னேன். படிக்கிறியா? படிக்கிறேன். அம்மா கிட்ட குடு. பத்து வருஷத்துக்கு மேல் இவ்வளவுதான். கொரோனா வருஷத்தில் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து கடை போட்டார். அதற்குப் பிறகும் இருவரும் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதே நாலு வார்த்தைகளைத்தான் பேசினார்கள். ஐந்தாவது வார்த்தைக்கு என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை.

கேம் செய்வதை சின்னப்பன் யூட்யூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். தெலுங்கில் சொல்லிக்கொடுக்கிற ஒரு பையன், ஒவ்வொரு வீடியோவிலும் "சாலா ஈஸி", ரொம்ப சுலபம், என்பான். சின்னப்பனுக்கு அந்த ஈஸி இரண்டரை வருஷம் பிடித்தது. பழைய சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டியில் ஆடுகிற காலத்துப் படம் மாதிரிதான் எல்லாம் இருக்கும். ஆட்கள் கட்டம் கட்டமாக, மூஞ்சி மடித்துவைத்த அட்டைப்பெட்டிபோல. கேமரா கூடவே வராது, மூலையில் நின்று முறைக்கும். ஒரு பெரிய வீட்டில் ஓர் ஆள் தனியாக நடக்கிறான். வராண்டா ஒருமுறை ரத்தச் சிவப்பாக இருக்கும், திரும்பி வந்தால் ஊதா. கதவுக்குப் பின்னாலிருந்து கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை நீளும். மாடியில் கடைசி அறையிலிருந்து யாரோ அழுகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்த அறைக்குப் போய்ச் சேரவேண்டும். துப்பாக்கி கிடையாது. மொத்த வீட்டிலும் நாலே நாலு டெலிபோன் கார்டு. ஒரு கார்டைச் செலவழித்து ஊருக்குப் போன் பண்ணினால் அதுவரை ஆடியது பத்திரமாகும். பண்ணாமல் செத்தால் முதலிலிருந்து ஆரம்பம்.

தரணி நாலாவது கார்டு வரை போயிருந்தாள். கடைசி அறைக்கு மட்டும் போகவில்லை. ஊரில் கேட்டால் இருபது தடவை முடித்துவிட்டேன் என்பாள்.

ஒரு நாள் சின்னப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. எதிர்முனையில் குவைத்தில் அவரோடு வேலை செய்த பழனி. அங்கே ஒரு வீட்டுக்கு டிரைவர் வேண்டுமாம், விசா தயாராம், பாஸ்போர்ட்டைத் திருப்பதியில் இருக்கிற ஏஜெண்ட் ஆபீசில் கொடுத்தால் போதுமாம். ரிப்பேர் கடை முன்போல ஓடவில்லை. போன் கெட்டால் ஜனங்கள் புதுசே வாங்கிவிடுகிறார்கள்.

"பாக்கலாம்டா," என்றார் சின்னப்பன். "கேமு போட்டேன், யாராச்சும் ஒருத்தர் ஆடி நல்லாக்குதுன்னு சொல்லுவாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தரும் காணோம். அந்தக் கம்ப்யூட்டர வித்துட்டு வந்துட வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் வெங்கடலட்சுமி பரண்மேல் இருந்த குவைத் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் தரணிக்கு, அந்த வீட்டில் தான் நைனாவோடு பேசவேண்டியது இன்னும் ஆரம்பமாகவே இல்லையே என்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்த வித்தை ஒன்றுதான். மறுநாளே சின்னப்பனுக்கு மிலான் நகரத்திலிருந்து மெயில் வந்தது.

எழுதியவர் பெயர் மார்செல்லோ. வயது ஐம்பத்திரண்டு. பிஸ்கட் கம்பெனியில் வேலை. தரணி முட்டைக் கடைக்குப் பின்பக்கம் நின்று தெலுங்கில் சொல்லச் சொல்ல, போன் அதை இத்தாலிய மொழியாக்கிக் கொடுத்தது. தமிழில் சொன்னால் அவள் பேச்சு போனுக்குப் பிடிபடவில்லை. சின்னப்பன் தன் போனில் அதைத் தமிழாக்கிப் படித்தார். இரண்டு ஆறு தாண்டி வந்த மெயில் நனைந்துபோய் வந்தது.

'மரியாதைக்குரிய சின்னப்பன் ஐயா, உங்களுடைய பயம் மிகவும் ருசியாக இருந்தது. சிவப்பு வராண்டாவில் நான் என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டேன். எனக்கு மனைவி இல்லை.'

சின்னப்பன் அதை நாலு தடவை படித்தார். பிறகு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி அலமாரிக்கு உள்பக்கம் ஒட்டினார். கடைக்கு வந்தவர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் படித்துக் காட்டினார். முட்டைக் கடைக்காரர் துலுக்காணம், பிஸ்கட் கம்பெனியில் நல்ல சம்பளம் இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். அந்த வாரம் பாஸ்போர்ட் திருப்பதிக்குப் போகவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சின்னப்பன் பதில் எழுதிவிட்டார். நாலு வார்த்தைக்குமேல் பேசத் தெரியாத மனிதர் நாலு பக்கம் எழுதினார்.

குவைத் வீட்டு மாடியில் சாமான் அறைதான் அவருக்குக் கொடுத்த இடம். முதலாளியின் பிள்ளைகள் தூக்கிப்போட்ட கேம் பெட்டி, பழைய டிவி, ஒரு வி.சி.ஆர், அரபியில் பேர் எழுதிய ஒரு மூட்டை கேசட் எல்லாம் அங்கேதான் கிடந்தன. கேம் பெட்டியைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துத்தான் அவர் ரிப்பேர் கற்றார். கேசட்டெல்லாம் பேய்ப்படம், கொலைப்படம். இங்கிலீஷில் பேசினார்கள், கீழே அரபியில் ஓடியது, அவருக்கு இரண்டும் தெரியாது. வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு வேறு பக்கம் வரும். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதே அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாராம். அதெல்லாம் இத்தாலிப் படங்கள் என்பது இருபது வருஷம் கழித்து யூட்யூப் பார்த்துத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு. ஊருக்குப் போன் பேசி கார்டு தீர்ந்ததும் ஒரு கேசட் போடுவார். 'பயந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஊர் ஞாபகம் வராது ஐயா. உங்கள் ஊர்ப் படங்கள் எனக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொடுத்தன. அதற்கு நன்றி சொல்ல எனக்கு யாரையும் தெரியாது. நீங்கள் எழுதியதால் உங்களுக்குச் சொல்கிறேன்.'

தரணி இதைப் போனில் தெலுங்காக்கி, ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். மூன்றடி தள்ளி நைனா ஒரு போனின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"துன்னியா?" என்றார்.

"துன்னேன்," என்றாள்.

மார்செல்லோ அடுத்த மெயிலில் கொஞ்சம் கண்டிப்பாக எழுதினார். படிக்கட்டில் ஏழாவது படியில் ஆள் மாட்டிக்கொள்கிறான், சரி செய்யவும். டெலிபோன் கார்டு நாலு போதாது, நீங்கள் என்ன இவ்வளவு கஞ்சமா என்றும் கேட்டார். எழுதுகிற வேகத்தில் இன்னொன்றையும் சேர்த்தார். மாடி அறையில் கட்டிலை ஏன் அப்படிப் போட்டிருக்கிறீர்கள், தலைமாடு வடக்கே இருக்கிறதே, வடக்கே தலைவைத்து யாராவது படுப்பார்களா, படுத்தால் விளங்குமா? தினம் பாயை விரிக்கும்போது வெங்கடலட்சுமி போடுகிற சத்தம் அது. தரணியின் வாய்க்கு அது யோசிக்காமலே வந்தது, போனும் யோசிக்காமலே அதை இத்தாலிக்குக் கொண்டுபோனது.

இரண்டே நாளில் ஏழாவது படி சரியானது. கட்டிலும் திரும்பியது. அந்த அறையில் அந்தக் கட்டில் அப்படித்தான் கிடந்தது, திருப்ப இடமில்லை, பன்னிரண்டு வருஷம் வடக்கே தலைவைத்துத்தான் படுத்தேன் என்று சின்னப்பன் பதில் எழுதியிருந்தார். கேமில் இடம் இருக்கிறது, திருப்பிவிட்டேன். கார்டு மட்டும் நாலுதான். மாசத்துக்கு நாலுக்குமேல் வாங்க முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தரணி யார் போனிலும் ரிங்டோன் மாற்றவில்லை. துலுக்காணம் அவளுக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

பழனி மறுபடி கூப்பிட்டான். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி, அதற்குள் பாஸ்போர்ட் கொடுக்காவிட்டால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும். சின்னப்பன் சரி சரி என்று மட்டும் சொன்னார். அவர் என்ன முடிவு எடுத்தார் என்பது முகத்தில் தெரியவில்லை. தரணி மார்செல்லோவை விட்டு, இத்தனை நாள் தானே கேட்கத் துணியாததைக் கேட்கவைத்தாள். கடைசி அறையில் அழுவது யார்? யாருடைய குழந்தை?

பதில் சின்னதாக இருந்தது. 'குழந்தை இல்லை ஐயா. பழைய பெட்டியின் சத்தம் மாதிரி இருக்கவேண்டும் என்று தரத்தைக் குறைத்தேன், அதனால் குழந்தைபோலக் கேட்கிறது. எனக்கு மகள் பிறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை போனில் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கார்டு தீர்ந்துவிட்டது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் அழுதது நான்தான். அதைக் கடைக் கதவை மூடிக்கொண்டு நானே மறுபடி அழுது பதிவு செய்தேன். நன்றாக வரவில்லை, பதினாறு தடவை எடுத்தேன்.'

தரணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முட்டைக் கடைக்குப் பின்பக்கம் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் வராததுமாக மார்செல்லோ ஒரு பெரிய முடிவு எடுத்தார். வரும் திங்கட்கிழமை அவர் திருப்பதிக்குச் சாமி கும்பிட வருகிறார். முதலில் திருச்சானூரில் தாயாரைப் பார்த்துவிட்டுத்தானே மலைக்குப் போகவேண்டும், அதனால் காலை பத்து மணிக்குத் திருச்சானூரில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் சின்னப்பனைச் சந்திக்க ஆசைப்படுகிறார். சாயங்காலம் வரை எங்கேயும் போய்விடவேண்டாம்.

ஐந்து மணி தாண்டிவிட்டால் போதும். தரணியின் கணக்கு அவ்வளவுதான், அவளுக்குத்தான் கணக்கு வராதே.

திங்கட்கிழமை சின்னப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சட்டைப்பை கனமாகத் தொங்கியது. ஒரு சால்வையும் ஒரு டப்பா முறுக்கும் பையில் வைத்தார். பிறகு, தனக்கு வெள்ளைக்காரரோடு பேச வராது, நீயும் வா என்று தரணியைக் கூப்பிட்டார். அவள் வயிறு வலிக்கிறது என்றாள். பஸ்ஸில் காற்றுப் பட்டால் சரியாகிவிடும் என்று கூட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு இருவரும் திருச்சானூரில் நின்றார்கள். சந்திரம்மா தன் பூக்கூடைக்குப் பக்கத்தில் நிழலில் இடம் கொடுத்து, வருகிறவருக்கு என்று ஒரு சாமந்தி மாலையும் எடுத்து வைத்தாள். பதினொன்று ஆனது. மொட்டைத் தலையோடு ஒரு வெள்ளைக்காரர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் சின்னப்பன் மாலையோடு பாய்ந்தார். அவர் போலந்துக்காரர். மாலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். சந்திரம்மா இன்னொன்று கட்டினாள்.

"காரம் துன்னுவாரா அவரு?" என்று சின்னப்பன் கேட்டார். "பிஸ்கட்டுக் கம்பெனில கீறவரு. முறுக்கு புடிக்குமோ இன்னாவோ."

தரணி முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நம்மளாட்டம் குட்டையா இருப்பாரா, ஒசரமா இருப்பாரா? நீ இன்னா நெனைக்கிற பாப்பா?"

பன்னிரண்டு மணி வெயிலில் நைனாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஷேர் ஆட்டோ வரும்போதும் அவர் கால்விரலில் எம்பிப் பார்த்தார். அந்த எம்பலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த கேமை உலகத்தில் ஒருவரும் ஆடவில்லை என்றாகிவிடும். இங்கிருந்து ஏஜெண்ட் ஆபீஸ் பதினைந்து நிமிஷ தூரம், சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறது. சொல்லாமல் விட்டால், அவர் சாயங்காலம் வரை இப்படியே எம்பிக்கொண்டு நிற்பார். ஒரு மணிக்கு அவள் தோற்றுப்போனாள்.

"நைனா. அவரு வரமாட்டாரு."

"யாரு சொன்னா?"

"வரமாட்டாரு. வூட்டுக்குப் போலாம்."

"அதெப்படி. அவ்ளோ தூரத்துலேந்து வராரு, சொல்லாம போனா நல்லாருக்காது. ஒரு மெயில் போட்டுட்றேன் இரு."

சின்னப்பன் போனை எடுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாகத் தட்டினார். அவளுக்கு அப்போதுதான் தன் கையில் இருக்கிற போன் ஞாபகம் வந்தது. சத்தத்தை நிறுத்த பட்டனைத் தேடுவதற்குள் டிங் என்று அது கூவிவிட்டது. சந்திரம்மா தன் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சின்னப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"வடக்க தல வச்சா வையிற இத்தாலிக்காரன நான் எங்கயும் பாத்ததில்ல பாப்பா."

தரணி மெயில்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கட்டில் மெயில் இரண்டாவது. அழுதது நான்தான் என்று அவர் எழுதியது அதற்குப் பிறகு. அப்படியானால் அவர் அதை மிலானுக்கு எழுதவில்லை.

"படி," என்றார்.

மெயில் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் தமிழில் இருந்தது. தரணி படித்தது தெலுங்குப் பள்ளி. தமிழ் அவளுக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

'மார்செல்லோ அவர்களுக்கு. பழனியிடம் வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். சட்டைப்பையில் இருப்பது பாஸ்போர்ட் இல்லை, கேமரா மாட்டும் வேலைக்கு அளவு எடுக்கிற டேப். இங்கே இரண்டு லாட்ஜில் வேலை பேசியிருக்கிறேன். நான் எங்கும் போகவில்லை என்பதை என் மகளிடம் சொல்லவேண்டும். நேரில் பேச எனக்கு வரவில்லை. நீங்கள் நிற்கிற இடத்தில்தான் அவளும் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.'